தட்டில் பதிந்த சாட்சியம்: கோள விண்மீன் கொத்துகளும் தொழில்சாரா வானியலாரும்

1860ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் இரவு, விருச்சிக விண்மீன் குழுவில் எம்-80 எனக் குறிக்கப்படும் கோளக் கொத்தின் நடுவே, முன்பு எவரும் கண்டிராத விண்மீன் ஒன்று எரிந்துகொண்டிருப்பதை ஜெர்மானிய வானியலார் ஆர்தர் அவ்வெர்ஸ் கண்டார். அது ஏறத்தாழ ஏழாம் ஒளித்தரத்தில் இருந்தது. அதாவது கொத்து முழுவதும் சேர்ந்து தரும் ஒளியை அந்த ஒற்றை விண்மீன் விஞ்சி நின்றது. ஒரு வாரம் கழித்து, மே 28ஆம் நாள், இச்செய்தியை அறியாத நார்மன் பாக்ஸன் இங்கிலாந்திலிருந்து அதே புதுமையைத் தாமாகவே கண்டு பதிந்தார். ஜூன் நடுவிற்குள் அது மங்கி மறைந்தது. மறு ஆண்டில் இதே பாக்ஸன் சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தின் தலைவராகப் பொறுப்பேற்று, 1891இல் மறையும்வரை முப்பது ஆண்டுகள் இங்கேயே பணியாற்றினார் என்பது நம் வாசகர் சிலருக்குத் தெரிந்திருக்கலாம்.

கோளக் கொத்தொன்றினுள் நோவா வெடித்ததாக அறியப்பட்ட முதல் நிகழ்ச்சி அதுவே. அதற்கு நம்மிடம் உள்ள சான்று யாது? கண்ணால் கண்டவர்களின் சொல் மட்டுமே. ஒருவரை ஒருவர் அறியாத இருவர் ஒரே செய்தியைக் கூறியிருப்பதால் அறிவுலகம் அதனை ஏற்றது. படமென்று ஒன்றில்லை. ஒருவர் மட்டுமே கண்டிருந்தால், பின்னாளில் அது கண்மயக்கம் என்று ஒதுக்கப்பட்டிருக்கவும் கூடும். விண்மீன் கொத்துகளைப் பொறுத்தவரை மனிதன் எதைக் கண்டான், கண்டதை எவ்வாறு நிறுவினான் என்னும் வினாவுக்கு ஒளிப்படத் தட்டு அளித்த விடையினையும், அத்தட்டை முதன்முதலில் கையில் ஏந்தியோருள் ஊதியம் பெறாத ஆர்வலர் பலர் இருந்தமையையும் நாம் இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

கோளக் கொத்து என்பது பல்லாயிரம் முதல் பல இலட்சம் வரையான விண்மீன்கள் தம்முள் ஈர்ப்பினால் பிணைப்புண்டு, நடுவில் செறிந்தும் விளிம்பில் கலைந்தும் பந்துபோல் திரண்டு நிற்கும் கூட்டம். நமது பால்வழி மண்டலத்தைச் சூழ இத்தகையவை நூற்றைம்பதுக்கும் மேல் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவற்றின் அகவை 1,000 கோடி ஆண்டுகளுக்கும் மேல். கதிரவனும் பூமியும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே அவை இருந்தன. ஆயினும் வெறுங்கண்ணுக்கு அவற்றுள் சில மங்கலான விண்மீன்களாகவோ புகைத் திட்டுகளாகவோ தோன்றுமேயன்றி, கூட்டமாகத் தோன்றா.

இவற்றுள் ஒளி மிக்கது ஒமேகா சென்டாரி. தாலமி, அதாவது அரபு நூல்கள் பத்லமியூஸ் என்றழைக்கும் அறிஞர், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவிலிருந்து தொகுத்த அல்மஜெஸ்தில் இதனைக் குதிரைமனிதன் உருவின் முதுகில் அமைந்த ஒரு விண்மீனாகவே எழுதினார். அக்காலத்தில் அந்நகரத் தென்வானில் அது 20 பாகைக்குச் சற்று மேல் உயர்ந்து தோன்றியது. பூமியின் அச்சு மெல்லத் திசைமாறுவதால் இன்று அங்கே அது அடிவானிலிருந்து 11 பாகை அளவுக்கே எழுகிறது. 1603இல் யோகான் பையர் தமது விண்பட நூலில் அதற்குக் கிரேக்க எழுத்தான ஒமேகாவைச் சூட்டியபோதும், ஒரு விண்மீனுக்குப் பெயரிடுவதாகவே எண்ணினார். அப்பெயர் இன்றும் நிலைத்துவிட்டது.

இவ்விருவருக்கும் இடைப்பட்ட காலத்தில் வாழ்ந்தவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி. புவைஹ் மரபின் அளுதுத் தவ்லாவின் அவையில் இருந்த அவர், ஹிஜ்ரி 353ஐ ஒட்டி, கி.பி. 964இல், 'ஸுவருல் கவாகிபித் தாபிதா' என்னும் நிலைத்த விண்மீன்களின் உருவ நூலை நிறைவேற்றினார். தாலமியின் பட்டியலை அவர் வெறுமனே படியெடுக்கவில்லை. விண்மீன்களின் நெட்டாங்குகளுக்கு 12 பாகை 42 கலையைக் கூட்டித் தம் காலத்திற்கு ஏற்பத் திருத்தினார். அதனினும் அரிய செயல், ஒவ்வொரு விண்மீனின் ஒளித்தரத்தையும் தம் கண்ணால் மீண்டும் மதிப்பிட்டு, முன்னோர் கூற்றோடு மாறுபடும் இடங்களை மறைக்காமல் எழுதி வைத்தது. ஆண்ட்ரோமெடாவை அடுத்துள்ள மேகப் புள்ளியை, அரபியர் வரைந்த பெரிய மீனின் வாயருகே, 'லத்கா ஸஹாபிய்யா' என்று குறித்தவர் அவரே. அது ஓர் அண்டம் என்பதை உலகம் உறுதி செய்ய மேலும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பிடித்தன.

ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒமேகா சென்டாரியை மேகமென்று அடையாளம் கண்ட பெருமை ஸூஃபிக்கு உரியதன்று. தென் அடிவானில், தூசும் ஆவியும் அடர்ந்த காற்றினூடே, ஷீராஸ், இஸ்ஃபஹான் போன்ற நகரங்களிலிருந்து அதைப் பார்ப்பவருக்கு அது விண்மீனாகத் தோன்றுவதில் வியப்பில்லை. நம் முன்னோர் எல்லாவற்றையும் முன்பே கண்டுவிட்டனர் என்று எழுதுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. கண்டதைக் கண்டதாகவும் காணாததைக் காணாததாகவும் எழுதியவர் ஸூஃபி. அவர் காணாததை அவர் பெயரால் எழுதுவது அவர் முறைமைக்கே மாறானது.

ஒமேகா சென்டாரி விண்மீனன்று என்பதை 1677இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து எட்மண்ட் ஹாலி கண்டறிந்தார். அப்போது அவருக்கு அகவை இருபதை ஒட்டியது. பின்னர் அவர் வெளியிட்ட ஆறு ஒளித் திட்டுகளின் பட்டியலில் அதனோடு எம்-22, எம்-13 ஆகிய இரு கோளக் கொத்துகளும் இடம்பெற்றன. ஆண்ட்ரோமெடா மேகத்தை அதே பட்டியலில் சேர்த்தபோது ஹாலி அதன் பெருமையைப் பிரெஞ்சு அறிஞர் புல்லியால்துஸுக்கு அளித்தார்; ஏழு நூற்றாண்டுகளுக்கு முந்திய அரபு நூலின் குறிப்பு அவர் கைக்கு எட்டவில்லை போலும். எம்-22ஐ 1665இல் முதலில் கண்டவர் ஆப்ரஹாம் ஈலே என்னும் ஜெர்மானிய ஆர்வலர். சனிக்கோளைத் தேடிக்கொண்டிருந்தபோது அது அவர் கண்ணில் பட்டது. கோளக் கொத்துகளின் வரலாறு ஒரு தொழில்சாரா வானியலாரிடமிருந்து தொடங்குகிறது என்பது கவனத்திற்குரியது.

1764இல் சார்ல் மெஸியே எம்-13ஐப் பார்த்துவிட்டு, அதில் விண்மீன் எதுவும் இல்லை என்றே முடிவு செய்தார். அவரது தொலைநோக்கிக்கு அவ்வளவே வலிமை. சில பத்தாண்டுகளுக்குள் வில்லியம் ஹெர்ஷல் பெரிய ஆடிகளைக் கொண்டு அதே திட்டைத் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துக் காட்டினார். கோளக் கொத்து என்னும் பெயரை 1789இல் வழங்கியவரும் அவரே. இசைக்கலைஞராக வாழ்ந்துகொண்டே தம் கையால் ஆடி தேய்த்து வானியலுக்கு வந்தவர் அவர் என்பதும் அறியத்தக்கது.

எனினும் கருவி பெரிதானதால் வழக்கு முடிந்துவிடவில்லை. அயர்லாந்தில் ராஸ் பிரபு 1845இல் நிறுவிய 72 அங்குலத் தொலைநோக்கியின் வழியே எம்-13ஐப் பார்த்தவர்கள், அதன் ஒளித்திரளுக்குள் மூன்று கரும்பட்டைகள் ஓரிடத்தில் கூடுவதாக வரைந்து வைத்தனர். வேறு பலர் அதே கொத்தைப் பார்த்து, அப்படி எதுவும் தெரியவில்லை என்றனர். யார் சொல்வது உண்மை? ஓவியம் கண்ணையும் கையையும் சேர்த்தே காட்டுகிறது. கண்டது எது, கை சேர்த்தது எது என்று பிரித்தறிய வழியில்லை. பின்னாளில் ஆர்வலர்கள் எடுத்த படங்கள் இவ்வழக்கைத் தீர்த்துவைத்தன. அளவான நேரம் ஒளிபடச் செய்த படத்தில் அப்பட்டைகள் தெரிகின்றன; நெடுநேரம் ஒளிபட்ட படத்தில் சுற்றியுள்ள விண்மீன்களின் ஒளி பெருகி அவற்றை மூடிவிடுகிறது. அவை உண்மையில் இருண்ட பொருள்களல்ல, விண்மீன்கள் சற்று அருகியிருக்கும் இடைவெளிகளே.

வானத்தை ஒளிப்படத்தில் பதிக்கும் முயற்சி, டகேர் தமது முறையை அறிவித்த 1839க்கு அடுத்த ஆண்டிலேயே திங்களைக் கொண்டு தொடங்கிவிட்டது. ஆனால் மங்கலான பொருள்களைப் படமெடுக்க, ஈரத் தட்டு உலர்ந்துபோவதற்குள் வேலையை முடிக்கவேண்டிய நெருக்கடி நீங்கவேண்டியிருந்தது. 1870களில் ஜெலட்டின் உலர்தட்டு வந்ததும் அந்நெருக்கடி நீங்கிற்று. கண் ஒரு நொடியில் பெறும் ஒளியையே பெறுகிறது; எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அதனைச் சேர்த்து வைப்பதில்லை. தட்டோ மணிக்கணக்கில் ஒளியைச் சேமிக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பின்வந்த அனைத்தும் விளைந்தன.

அத்தட்டை மேகங்களின் பக்கம் முதலில் திருப்பியவர்களைப் பாருங்கள். 1880 செப்டம்பர் 30இல் ஓரையன் மேகத்தை 51 நிமிடம் படமெடுத்த ஹென்றி டிரேப்பர் நியூயார்க்கில் மருத்துவர். 1883இல் லண்டனை அடுத்த ஈலிங்கில், தம் வீட்டுத் தோட்டத்து 36 அங்குல ஆடித் தொலைநோக்கியால் அதே மேகத்தைப் படமெடுத்து, கண்ணுக்குப் புலப்படாத விண்மீன்களையும் தட்டில் கொண்டுவந்த ஆண்ட்ரு காமன், நகரத் தூய்மைப் பணிகளில் பொறியாளர். லிவர்பூலில் கட்டட ஒப்பந்தத் தொழில் நடத்திப் பொருளீட்டிய ஐசக் ராபர்ட்ஸ், 20 அங்குல ஆடித் தொலைநோக்கி ஒன்றை வாங்கி, 1888இல் ஆண்ட்ரோமெடாவின் சுருள் வடிவத்தை உலகுக்குக் காட்டினார். எம்-13 முதலிய கோளக் கொத்துகளையும் படமெடுத்து, விண்மீன்கள், கொத்துகள், மேகங்கள் ஆகியவற்றின் படத்தொகுதிகளை 1893இலும் 1899இலும் அச்சிட்டார். அவற்றுள் பல படங்களுக்காகக் குளிரில் விழித்திருந்தவர் அவருடைய உதவியாளர் ஃப்ராங்ஸ் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்வது நியாயம். செல்வந்தர் பெயரால் வழங்கும் பணிகளில் ஊதியம் பெற்றவரின் கைகளும் கலந்திருப்பது வானியலில் மட்டும் உள்ள செய்தியன்று.

இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க ஒரு பெயர் நம் நாட்டிலும் உண்டு. ஐதராபாத் அரசின் பிரபுக்களுள் ஒருவரான நவாப் ஸஃபர் ஜங், கிரப் நிறுவனத்தாரின் 15 அங்குல வில்லைத் தொலைநோக்கியை இங்கிலாந்திலிருந்து வாங்கி, ஃபிசல் பண்டாவிலுள்ள தம் வளாகத்தில் ஓர் ஆய்வகத்தை நிறுவ முற்பட்டார். அதற்கு நிஜாமின் பெயரைச் சூட்ட அவர் 1901இல் இசைவு வேண்டினார். நிஜாமியா வானாய்வகம் என்னும் பெயர் அவ்வாறு பிறந்தது. 1907இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு நிஜாம் அரசு ஆய்வகத்தை ஏற்றது. பின்னர் அது உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வந்தது. தாம் வாங்கிய பெரிய தொலைநோக்கி முழுப் பயனுக்கு வந்ததைக் காணும் பேறு ஸஃபர் ஜங்குக்குக் கிட்டவில்லை.

ஆனால் ஆய்வகத்திற்கு நிலையான புகழைத் தந்தது அப்பெரிய தொலைநோக்கியன்று, அதனினும் சிறிய 8 அங்குல வான்படக் கருவியே. 1887இல் பாரிஸ் நகரில் கூடிய வானியலார், வானம் முழுவதையும் பகுதி பகுதியாகப் பிரித்து ஏறத்தாழ இருபது ஆய்வகங்கள் படமெடுத்து அளப்பதென்று முடிவு செய்திருந்தனர். தென் அமெரிக்க நிலையம் ஒன்றுக்கு ஒதுக்கப்பட்டு முடிக்கப்படாமல் கிடந்த பகுதி ஒன்று, வான நடுக்கோட்டிற்குத் தெற்கே 17 முதல் 23 பாகை வரையுள்ளது, ஐதராபாத்துக்கு வந்தது. பாகாக் 1914இல் அப்பணியை முடுக்கினார். அவர் 1918இல் மறைந்தபின் பாஸ்கரன் ஏற்று நடத்தினார். தெற்குப் பகுதி 1929 அளவில் முடிந்தது. ஜெர்மனியின் போட்ஸ்டாம் ஆய்வகத்தால் முடிக்கப்படாத வடபகுதியின் ஒரு பங்கும், அதாவது வடக்கே 36 முதல் 39 பாகை வரை, பிறகு ஐதராபாத்துக்கே அளிக்கப்பட்டது. அதுவும் 1930களில் நிறைவெய்தியது. முதலாம் உலகப்போர் பல ஆய்வகங்களின் பணியைக் குலைத்த காலம் அது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

இவ்விரு பகுதிகளையும் விண்பட நூலில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலனாகும். அவ்வெர்ஸும் பாக்ஸனும் நோவாவைக் கண்ட எம்-80, அதனோடு எம்-9, எம்-75 ஆகிய கோளக் கொத்துகள் தெற்குப் பகுதிக்குள் அமைகின்றன. வடக்குப் பகுதியின் ஓரத்தில் இருப்பதோ எம்-13. எனவே ஐதராபாத்தின் தட்டுகள் இக்கொத்துகளின் மீதும் சென்றிருக்கின்றன. ஆயினும் அவை அத்தட்டுகளில் விண்மீன்களாகப் பிரிந்து தெரியுமென எதிர்பார்க்கலாகாது. பட்டியல் தட்டுகளின் குறிக்கோள் 11ஆம் ஒளித்தரம் வரையுள்ள விண்மீன்களின் இடத்தை அளப்பது. எம்-13இன் மிக ஒளி பொருந்திய விண்மீன்களே 12ஆம் தரத்தை ஒட்டியவை. கொத்து அங்கே ஒரு கறையாகவே பதிந்திருக்கும். ஸூஃபியின் லத்கா என்னும் சொல் இங்கும் பொருந்துவதை எண்ணி நாம் புன்னகைக்கலாம்.

அப்பணியின் பயன் பிற்காலத்தில்தான் தெரிந்தது. ஐரோப்பிய விண்கலமான ஹிப்பார்க்கஸ் 1989 முதல் 1993 வரை அளந்த இடங்களோடு, நூறாண்டுக்கு முற்பட்ட இத்தட்டுகளின் அளவுகளை ஒப்பிட்டு, இடைக்காலத்தில் ஒவ்வொரு விண்மீனும் எவ்வளவு நகர்ந்துள்ளது என்று கணக்கிட்டனர். 25 இலட்சம் விண்மீன்களைக் கொண்ட டைகோ-2 பட்டியல் 2000இல் அவ்வாறு உருவாயிற்று. ஐதராபாத்தில் அளக்கப்பட்ட எண்களும் அதனுள் கலந்துள்ளன. பேகம்பேட்டையில் ஆய்வகம் இயங்கிய வளாகத்தில் இன்று பொருளாதார, சமூக ஆய்வு மையம் ஒன்று செயல்படுகிறது. முகவரியில் மட்டும் நிஜாமியா வானாய்வகம் என்னும் பெயர் எஞ்சியிருக்கிறது. நம் இதழ்களில் மராகாவையும் சமர்கந்தையும் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. ஒரு நாள் இரயில் பயணத் தொலைவிலுள்ள இந்த ஆய்வகத்தைப் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு.

கோளக் கொத்துகளின் படங்கள் தந்த மிகப் பெரிய செய்தி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ஹார்வர்டு ஆய்வகத்தின் சார்பில் பெரு நாட்டின் அரேகிபாவில் இருந்த சோலன் பெய்லி, 1893 முதல் ஒமேகா சென்டாரியை அடுத்தடுத்துப் படமெடுத்தார். ஒரு தட்டில் அவரும் அவர் துணைவியாரும் சேர்ந்து எண்ணிய விண்மீன்கள் 6,389. இன்று அக்கொத்தில் ஒரு கோடி அளவுக்கு விண்மீன்கள் உள்ளதாக மதிப்பிடப்படுகிறது என்றாலும், கறையாகக் கிடந்ததை எண்ணத்தக்க பொருளாக்கியது அந்த எண்ணிக்கையே. அதனினும் முதன்மையானது, வெவ்வேறு இரவுகளின் தட்டுகளை ஒப்பிட்டபோது சில விண்மீன்கள் அரைநாள் அளவில் ஒளி கூடியும் குறைந்தும் வருவதை அவர் கண்டது. 1902இல் அவர் வெளியிட்ட ஆய்வில் அத்தகைய மாறொளி விண்மீன்கள் 128 இடம்பெற்றன.

1914இல் இளைஞர் ஹார்லோ ஷாப்லி, தமது புதிய பணியிடமான மௌண்ட் வில்சனுக்குச் செல்லுமுன் பெய்லியைச் சந்தித்தார். அங்குள்ள 60 அங்குலத் தொலைநோக்கியைக் கொண்டு கோளக் கொத்துகளின் மாறொளி விண்மீன்களை ஆராயுமாறு பெய்லி அவருக்குச் சொன்னார். அந்த ஓர் அறிவுரையின் விளைவு அளவிடற்கரியது. மாறொளி விண்மீன்களைக் கொண்டு கொத்துகளின் தொலைவைக் கணக்கிட்ட ஷாப்லி, அவை வானில் சமமாகப் பரவியிருக்கவில்லை, தனுசு விண்மீன் குழுவின் திசையில் குவிந்துள்ளன என்பதன் பொருளை 1918இல் எடுத்துரைத்தார். கொத்துகள் சூழ்ந்து நிற்கும் நடுவிடமே பால்வழியின் நடு. கதிரவன் அதிலிருந்து மிகத் தொலைவில் ஓர் ஓரத்தில் இருக்கிறான். அவர் கணித்த தொலைவு 50,000 ஒளியாண்டுக்கும் மேல். இடையிலுள்ள தூசு ஒளியை மறைப்பதை அவர் கணக்கில் கொள்ளவில்லை. 1930இல் டிரம்ப்ளர் அதனை நிறுவியபின் அளவு சுருங்கி, இன்று ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு என நிற்கிறது. எண் மாறியது, கதிரவன் நடுவில் இல்லை என்னும் முடிவு மாறவில்லை. கோப்பர்நிக்கஸ் பூமியை நடுவிலிருந்து அகற்றியதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். கதிரவனை அகற்றியவை இக்கொத்துகளின் ஒளிப்படங்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இனி, இத்துறையில் ஈடுபடும் ஆர்வலர் எதிர்கொள்ளும் இடர்களைக் காண்போம். கோளக் கொத்தைப் படமெடுத்தல் எளிதென்றே தொடக்கத்தில் தோன்றும். ஒளி மிக்கது, சிறியது, வண்ண மேகங்களைப் போல் பல மணிநேரம் வேண்டாதது. இடர் அதன் நடுவில் இருக்கிறது. விளிம்பிலுள்ள மங்கலான விண்மீன்கள் பதியும்வரை காத்திருந்தால் நடுப்பகுதி வெண்மையாகக் கருகிவிடும். நடுவைக் காப்பாற்ற நேரத்தைக் குறைத்தால் விளிம்பு மறைந்து கொத்து சுருங்கிவிடும். ஃபிலிம் காலத்தவர் இதற்காகப் பட்ட பாடு பெரிது. ஃபிலிமோ நேரம் செல்லச் செல்ல ஒளியுணர்வில் தளர்ந்துவிடும் இயல்புடையது. ஆகவே கோடாக் நிறுவனத்தின் டெக்னிக்கல் பான் என்னும் நுண்மணி ஃபிலிமை, ஹைட்ரஜன் கலந்த வளியில் சூடேற்றி ஒளியுணர்வைக் கூட்டும் முறையை 1980களின் ஆர்வலர்கள் தம் வீடுகளிலேயே கையாண்டனர். தொலைநோக்கி வானத்தோடு சேர்ந்து திரும்பினாலும் சிறு பிழை விண்மீனைக் கோடாக்கிவிடும். ஆதலின் துணைத் தொலைநோக்கியின் குறுக்கிழையில் ஒரு விண்மீனை நிறுத்தி, கண்ணை எடுக்காமல் கையால் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு மணிநேரப் படமெனில் ஒரு மணிநேரமும் அவ்வாறே.

1990களில் சிசிடி உணரிகள் ஆர்வலர் கைக்கு எட்டின. அவை விழும் ஒளிக்கு நேர்விகிதமாகப் பதில் தருவதால், நிரம்பி வழியாத வரையில் நடுவும் விளிம்பும் ஒரே படத்தில் அடங்குகின்றன. நிரம்பாமலிருக்கச் சில நொடிகள் முதல் சில நிமிடங்கள் வரையான குறும்படங்கள் பலவற்றை எடுத்து, கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ப்பதே இப்போதைய வழக்கம். நூறு படங்களைச் சேர்த்தால் இரைச்சலோடு ஒப்பிடுகையில் ஒளி பத்து மடங்கு தெளிவுறும். காற்று அலையும் இரவில் விண்மீன்கள் உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அலையாத இரவில் எட்டு அங்குலத் தொலைநோக்கியே எம்-13இன் நடுப்பகுதியைப் பெரிதும் பிரித்துக்காட்டும். ராபர்ட்ஸின் 20 அங்குலக் கருவி பெற்றதைக் காட்டிலும் மங்கலான விண்மீன்களை இன்று ஒரு பள்ளி ஆசிரியரின் மொட்டைமாடித் தொலைநோக்கி பெற முடிகிறது.

இந்த எளிமையோடு ஒரு கேடும் வந்து சேர்ந்திருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. படத்தைக் கூர்மையாக்கும் மென்பொருள், இரு விண்மீன்கள் ஒட்டியிருக்கும் இடத்தில் இல்லாத மூன்றாவதையும் உண்டாக்கக்கூடும். இப்போதைய செயற்கை அறிவுக் கருவிகள் இதனை இன்னும் நயமாகச் செய்கின்றன. ராஸ் பிரபுவின் ஆட்கள் வரைந்த ஓவியத்தில் இருந்த அதே ஐயம் வேறு வாயிலாகத் திரும்பி வந்திருக்கிறது: கண்டது எது, கை சேர்த்தது எது? எந்த நாள், எந்த நேரம், எந்தக் கருவி, எத்தனை நொடி என்னும் குறிப்புகளோடு, மெருகூட்டாத மூலப்படத்தையும் காத்துவைப்பவரே இதற்கு விடை சொல்ல முடியும். அறிவிப்பாளர் வரிசையைக் கேட்டுப் பழகிய மரபினருக்கு இதன் தேவையை விளக்கவேண்டியதில்லை.

மூலத்தைக் காப்பதன் பயனுக்கு எம்-14 என்னும் கொத்தே தக்க சான்று. கனடாவில் பணியாற்றிய ஹெலன் சாயர் ஹாக் கோளக் கொத்துகளின் மாறொளி விண்மீன்களைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டு, ஆண்டுதோறும் அவற்றைப் படமெடுத்துத் தட்டுகளைச் சேர்த்து வந்தார். அத்தட்டுகளை 1964இல் அமீலியா வேலாவ் ஒப்பிட்டுப் பார்க்கையில், 1938 ஜூன் மாதத் தட்டுகளில் மட்டும் ஒரு புள்ளி மிகையாக இருப்பதைக் கண்டார். முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அது ஒரு நோவா. எம்-80க்குப் பிறகு, கோளக் கொத்தின் உள்ளே பதிவான இன்னொன்று. அது எரிந்தபோது உலகில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை, படமெடுத்தவரும் கவனிக்கவில்லை. தட்டு மட்டும் 26 ஆண்டுகள் அதைத் தன்னுள் வைத்திருந்தது.

ஒமேகா சென்டாரியின் கதையும் இவ்வாறே நீள்கிறது. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி இருபதாண்டுக் காலத்தில் எடுத்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், அதன் நடுவிடத்தருகே ஏழு விண்மீன்கள் அளவுக்கு மீறிய விரைவில் செல்வதை 2024இல் அறிவித்தனர். அவற்றைக் கொத்தினுள் பிணைத்து வைக்க, கதிரவனைப்போல் குறைந்தது 8,200 மடங்கு நிறையுள்ள கருந்துளை ஒன்று அங்கே வேண்டும் என்பது அவர்கள் கணிப்பு. அப்படங்களுள் பல வேறு நோக்கங்களுக்காக எடுக்கப்பட்டவை.

அலெக்சாந்திரியாவுக்கு அடிவானில் தாழ்ந்துவிட்ட அக்கொத்து நம் தமிழகத்திற்கு இன்னும் நல்ல உயரத்திலேயே வருகிறது. சென்னையில் 29 பாகையும் கன்னியாகுமரியில் 34 பாகையும் எழுகிறது. ஏப்ரல், மே மாத இரவுகளில் நேர்தெற்கே, நகர விளக்குகள் இல்லாத ஊர்ப்புறத்தில் வெறுங்கண்ணாலும் காணலாம். லண்டனிலும் பாரிஸிலும் உள்ள ஆர்வலருக்கு அது ஒருநாளும் உதிப்பதில்லை. அதே மே மாத இறுதியில் எம்-80 நள்ளிரவை ஒட்டி உச்சிக்கு வருகிறது. நம் ஊர்களிலிருந்து அதன் உயரம் 55 பாகையை ஒட்டியது. 1860இல் அங்கே வெடித்த விண்மீனின் எச்சமெனக் கருதத்தக்க மங்கலான புள்ளி ஒன்றை ஹபிள் படங்களில் அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஆறு அங்குலத் தொலைநோக்கியும் ஒரு சாதாரண ஒளிப்படக் கருவியும் உடைய எவரும் அக்கொத்தை ஓரிரு நிமிடத்தில் படமெடுத்து, நாளும் நேரமும் குறித்து வைக்கலாம்.